365அ பற்றி ஆயர்கள் வாய் திறக்க வேண்டும்: ஒரு திறந்த மடல்

இலங்கைக் கத்தோலிக்க ஆயர் பேரவையைச் சேர்ந்த ஆண்டகைகளுக்கு,

2025 செப்டம்பரில் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை, தன்பாலீர்ப்பாளரும் திருநரும் அச்சமின்றி வந்துபோகக்கூடிய நாடாக இலங்கையை அறிமுகப்படுத்தும் திட்டமொன்றுக்கு ஆதரவு தெரிவித்துக் கடிதம் எழுதியிருந்தது. அச்செய்தி வெளியே வந்தபோது அதனைப் பகிரங்கமாகக் கண்டித்தவர்களுள் கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும் ஒருவர். அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. வெளிநாட்டுப் பயணிகள் எந்த விடுதியில் தங்கினாலும் என் வாழ்க்கை மாறப்போவதில்லை. ஆனால் அந்தக் கண்டனம் திட்டத்தோடு நிற்கவில்லை. தொடர்ந்து வந்த ஞாயிறொன்றில், நான் திருப்பலி காணும் ஆலயத்தில் மறையுரையின் பெரும்பகுதி எங்களைப் பற்றியதாகவே இருந்தது. எங்களைப் போன்றவர்களால் சிறுவர்களுக்கு ஆபத்து என்றும், வெளிநாட்டுப் பணம் எங்கள் பின்னால் இருக்கிறது என்றும், தன்பால் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ ஆகிய சட்டப் பிரிவுகளைத் தளர்த்தினால் குடும்பங்கள் அழியும் என்றும் சொல்லப்பட்டது. திருப்பலி முடிந்ததும் ஆலய வாசலில் மேசை போட்டு ஒரு மனுவில் கையெழுத்து வாங்கினார்கள். பாடகர் குழாமில் என்னோடு பாடுகிறவர்கள் வரிசையில் நின்று கையெழுத்திட்டார்கள். என் அம்மாவும் இட்டார். என்னைப் பற்றித்தான் அதில் எழுதியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

நான் வடக்கின் கரையோரப் பங்கொன்றில் ஞானஸ்நானம் பெற்று, பீடப்பணியாளனாக வளர்ந்து, இப்போது வேலையின் பொருட்டுக் கொழும்பில் வாழும் கத்தோலிக்கன். சில ஆண்டுகள் மறையாசிரியனாகவும் இருந்தேன். நான் தன்பாலீர்ப்பாளன். இந்த மடலின் கீழ் என் பெயர் இராது. பெயரில்லாத கடிதத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று உங்கள் செயலகத்தில் யாரேனும் சொல்லக்கூடும் என்பதால் காரணத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன்: என் பெயரை இட்டால், இந்நாட்டின் தண்டனைச் சட்டக்கோவையின்படி நான் குற்றமொன்றை எழுத்தில் ஒப்புக்கொண்டவனாகக் கருதப்படக்கூடும்.

அந்தச் சட்டத்தை நீங்கள் அறிவீர்கள். ஆயினும் ஆலயங்களில் பேசப்படும் விதத்தைக் கேட்கையில் பலர் அதை வாசித்ததே இல்லை என்று தோன்றுகிறது. 1883 இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365 ஆம் பிரிவு, இயற்கை ஒழுங்குக்கு மாறானது என்று அது சொல்லும் உடலுறவுக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. 365அ பிரிவு, அது எதுவென்று வரையறுக்காமலே, அநாகரிகமான செயலுக்கு இரண்டு ஆண்டுகள் வரை விதிக்கிறது. இருவரும் வளர்ந்தவர்களா, இருவரும் விரும்பினார்களா, பூட்டிய கதவுக்குள் நடந்ததா என்பதெல்லாம் அச்சட்டத்துக்குப் பொருட்டல்ல. 1995 இல் சட்டத்தைத் திருத்தியபோது இதை நீக்குவதற்குப் பதிலாக ‘ஆண்’ என்று இருந்த இடத்தில் ‘ஆள்’ என்று மாற்றி, அதுவரை தப்பியிருந்த பெண்களையும் அதற்குள் இழுத்தார்கள். இதை எங்களுக்குத் தந்த நாடு 1967 இல் தன் சட்டத்தை மாற்றத் தொடங்கிவிட்டது. இந்தியா 2018 செப்டம்பர் 6 இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் விடுபட்டது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022 இல் தன் 377ஏ பிரிவை நீக்கியது. நாங்கள் இன்னும் விக்டோரியா மகாராணியின் காலத்திலேயே இருக்கிறோம்.

இச்சட்டத்தின் கீழ் யாரும் சிறைக்குப் போவதில்லையே என்ற வாதத்தை நான் குருக்களிடமிருந்தும் கேட்டிருக்கிறேன். தண்டனைத் தீர்ப்புகள் அரிது என்பது உண்மை. ஆனால் ஒரு சட்டம் வேலை செய்வதற்கு நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், நான் வெள்ளவத்தையில் வாடகை அறையொன்றில் இருந்த காலத்தில், கைபேசி வழியே அறிமுகமான ஒருவன் தன் கூட்டாளிகளோடு வந்து, என் தொலைபேசியையும் சம்பளப் பணத்தையும் பறித்துக்கொண்டு, பொலிசுக்குப் போனால் நீதான் உள்ளே இருப்பாய் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னது சட்டப்படி சரியாகவே இருந்தது. கொள்ளையடிக்கப்பட்டவன் நான்; ஆனால் முறைப்பாட்டுப் புத்தகத்தில் நடந்ததை நடந்தபடி பதிந்தால் குற்றம் செய்ய முனைந்தவனும் நானே. நான் போகவில்லை. அவன் அதன்பின்னும் சில மாதங்கள் தொலைபேசியில் பணம் கேட்டான், நானும் கொடுத்தேன். இப்படிக் கொடுத்தவர்கள் என் நண்பர்களுள் இன்னும் பலர் இருக்கிறார்கள். பறிப்பவர்களுக்கு 365அ பற்றித் தெரிந்த அளவுக்கு நாட்டின் வேறெந்தப் பிரிவும் தெரிந்திருக்காது என்று நாங்கள் எங்களுக்குள் கசப்போடு பேசிக்கொள்வதுண்டு.

பொலிசில் அகப்பட்டவர்களின் நிலைமை இதைவிட மோசம். மனித உரிமைகள் கண்காணிப்பகமும், எங்கள் உரிமைகளுக்காகச் செயற்படும் இலங்கையின் ‘ஈக்வல் கிரவுண்ட்’ அமைப்பும் 2020 இல் வெளிக்கொணர்ந்த தகவல்களின்படி, 2017 முதல் குறைந்தது ஏழு பேர் தம் விருப்பத்துக்கு மாறாக உடற்பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டார்கள். குதவழிப் பரிசோதனையும் அவற்றுள் அடங்கும். மருத்துவ ரீதியில் அது எதையும் நிரூபிக்காது. அவமானப்படுத்த மட்டுமே உதவும். மருதானைப் பொலிசார் இச்சட்டத்தின் கீழ் தொடுத்த ஒரு வழக்கு, நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் வரை சென்று 2016 இல்தான் முடிந்தது. வளர்ந்தவர்கள் விருப்பத்தோடு கொள்ளும் உறவை அரசு கண்காணிப்பதற்கில்லை என்ற இக்காலக் கருத்தை நீதியரசர்கள் தம் தீர்ப்பில் குறித்தார்கள். ஆயினும் சட்டம் இருக்கிறபடியால் குற்றத் தீர்ப்பை நீக்க முடியாமல், சிறைத் தண்டனையை ஒத்திவைத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். 2022 இல், ரோசானா ஃபிளேமர்-கல்டேரா என்ற இலங்கைப் பெண் தொடுத்த முறைப்பாட்டில், பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு இச்சட்டம் அவருடைய உரிமைகளை மீறுகிறது என்று முடிவு செய்தது. 2023 இல் நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த இந்தத் தண்டனையை நீக்குவதற்கான தனி உறுப்பினர் சட்டமூலமொன்றைக் கொண்டுவந்தார். அதை எதிர்த்தவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல, சாதாரண பெரும்பான்மையே அதற்குப் போதும் என்று அவ்வாண்டு மே மாதம் நீதிமன்றம் தீர்மானித்தது. அதன்பின்னும் அது நிறைவேறவில்லை. 2024 இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதோடு காலாவதியானது. தடை நீதிமன்றத்தில் இருக்கவில்லை. மதத் தலைவர்களின் முகத்தைப் பார்த்துத் தயங்கும் அரசியல்வாதிகளின் இருக்கைகளில் இருந்தது.

இனி உங்களிடம் வருகிறேன்.

திருச்சபையின் போதனையை மாற்றும்படி கேட்டு இம்மடலை எழுதவில்லை. திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துச் சொல்லும் மறைக்கல்வி ஏட்டின் 2357 ஆம் எண் எங்கள் உறவுகளைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை நான் வகுப்பில் கற்பித்திருக்கிறேன். அதைச் சொல்லும்போது என் தொண்டை எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு அடுத்த எண்ணையும் சேர்த்தே கற்பித்தேன். 2358 ஆம் எண், எங்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும், எங்களுக்கு எதிரான அநீதியான பாகுபாட்டின் சாயல்கூட இருக்கலாகாது என்றும் சொல்கிறது. என் வாழ்நாளில் எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறேன். முதல் எண் பலமுறை வந்தது. இரண்டாவது எண்ணை நான் ஒரு பீடத்திலிருந்தும் கேட்டதில்லை.

தண்டனைச் சட்டம் குறித்தோ திருச்சபையின் நிலைப்பாட்டில் மயக்கமே இல்லை. 2008 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் பாலியல் நாட்டம் பற்றிய பிரகடனமொன்றை ஏற்க மறுத்த அதே வேளையில், எங்களுக்கு எதிரான குற்றவியல் தண்டனைகள் அனைத்தையும் நாடுகள் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று வத்திக்கான் திருப்பீடத்தின் பிரதிநிதி கூறினார். அப்போது திருத்தந்தையாக இருந்தவர் பதினாறாம் பெனடிக்ட். அவரைத் தாராளவாதி என்று யாரும் சொல்லமாட்டார்கள். கர்தினால் ரஞ்சித் ஆண்டகை அக்காலத்தில் வத்திக்கானில் வழிபாட்டுப் பேராயத்தின் செயலாளராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். 2013 இல் இந்திய உச்ச நீதிமன்றம் இதேபோன்ற 377 ஆம் பிரிவை மீண்டும் நிலைநாட்டியபோது, மும்பைப் பேராயராக இருந்த கர்தினால் ஒஸ்வால்ட் கிரேசியஸ், திருச்சபை எங்களை ஒருபோதும் குற்றவாளிகளாகக் கருதியதில்லை என்றும், குற்றநீக்கத்தை அது எதிர்க்கவில்லை என்றும் சொன்னார். 2023 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் பாவம் வேறு, குற்றம் வேறு என்று பிரித்துக் காட்டி, தன்பாலீர்ப்பாளராக இருப்பது குற்றமல்ல என்றும், இத்தகைய சட்டங்களை ஆதரிக்கும் ஆயர்கள் மனமாற்றத்துக்கு உள்ளாக வேண்டும் என்றும் பேட்டியொன்றில் வெளிப்படையாகக் கூறினார். அது ஒரு பேட்டி மட்டுமே, அவரும் மறைந்துவிட்டார் என்று தள்ளிவிட இயலாது. வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை 2024 ஏப்ரலில் வெளியிட்ட, மனித மாண்பின் எல்லையற்ற தன்மை பற்றிய ஏடு, பால்நிலைக் கோட்பாட்டைக் கடுமையாக மறுக்கும் ஏடு. அதே ஏடுதான், பாலியல் நாட்டத்தின் காரணமாக மனிதர்கள் சிறையிலடைக்கப்படுவதும் சித்திரவதை செய்யப்படுவதும் கொல்லப்படுவதும் மனித மாண்புக்கு முரண் என்று கண்டிக்கிறது.

இவ்வளவும் இருக்க, 2023 இல் அந்தச் சட்டமூலம் நாட்டின் முன் இருந்தபோது, தண்டனையை நீக்குவதில் திருச்சபைக்கு மறுப்பில்லை என்று இங்குள்ள ஓர் ஆயர் சொல்லி நான் கேட்கவில்லை. சுற்றுலா பற்றி உரத்துப் பேச முடிந்தவர்களுக்குச் சிறை பற்றி ஒரு சொல் பேச முடியாமற்போனதை என்னால் ஏற்க இயலவில்லை.

பாவமெல்லாம் குற்றமாக வேண்டும் என்று நீங்கள் வேறெந்த விடயத்திலும் கேட்பதில்லை. பிறர் மனைவியை விரும்பாதிருப்பாயாக என்று கட்டளைகளில் இருக்கிறது. இந்நாட்டின் தண்டனைச் சட்டத்தில் பிறர்மனை நயத்தல் குற்றமல்ல, அதைக் குற்றமாக்கும்படி எந்த ஆயரும் ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதியதில்லை. செயற்கைக் கருத்தடையைத் திருச்சபை ஏற்பதில்லை. ஆனால் அதற்காக என் பங்கில் பாதிப்பேரைப் பொலிஸ் நிலையத்துக்கு அனுப்பும்படி யாரும் மறையுரை வைப்பதில்லை. எங்களுக்கு மட்டும் பாவசங்கீர்த்தனத் தொட்டியும் போதவில்லை, பொலிஸ் கூண்டும் வேண்டியிருக்கிறது.

சிறுவர்களைக் காக்கவே இச்சட்டம் என்று வாசலில் கையெழுத்து வாங்கியவர்கள் சொன்னார்கள். சிறுவர்மீதான பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகத்தைத் தண்டிப்பது 365ஆ பிரிவு. அதில் ஓரெழுத்தையும் நீக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. இன்னும் கடுமையாக நடைமுறைப்படுத்துங்கள் என்றே கேட்கிறோம். சிறுவருக்குத் தீங்கு செய்தவர்கள் எங்கெல்லாம் ஒளிந்திருந்தார்கள், யார் அவர்களை இடமாற்றம் செய்து காத்தார்கள் என்பது பற்றி உலகத் திருச்சபைக்கு இருக்கும் அனுபவத்தின் பின்னர், எங்களைச் சுட்டிக்காட்டி அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில் உங்கள் குருக்கள் சற்று நிதானம் காட்டியிருக்கலாம்.

நான் மிகவும் கனத்த மனத்தோடு எழுதும் விடயம் திருமணம். எங்கள் ஊரில் என்னிலும் மூத்தவரான ஒருவர், தன் நிலைமையைக் குருவானவரிடம் நம்பிச் சொன்னார். கல்யாணம் செய், எல்லாம் சரியாகிவிடும் என்பதே அவருக்குக் கிடைத்த அறிவுரை. வீட்டாரும் அவசரப்படுத்தினார்கள். திருமண ஓலை மூன்று ஞாயிறுகளில் வாசிக்கப்பட்டது, ஊரே கூடி விருந்துண்டது. அந்த மனிதர் தன்னால் இயன்றவரை முயன்றார். அந்தப் பெண் தன்னில் என்ன குறை என்று தெரியாமல் மருத்துவரிடமும் மடுமாதாவிடமும் மாறிமாறிப் போனார். இன்று அவர் வெளிநாட்டில், அப்பெண் தாய்வீட்டில். ஊரில் அப்பெண்ணுக்கு எஞ்சியிருக்கும் பெயர் பிள்ளையில்லாதவள் என்பது. அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பற்றி எந்த மறையுரையிலும் பேச்சில்லை, ஏனெனில் குடும்பத்தைக் காப்பது என்ற பெயரில் அது செய்யப்பட்டது. மறைமாவட்டத் திருமண நீதிமன்றங்களில் பணியாற்றும் குருக்களைக் கேட்டுப் பாருங்கள். திருமண வாழ்வின் அடிப்படைக் கடமைகளை ஏற்க இயலாதவரின் திருமணம் செல்லாது என்று சொல்லும் திருச்சபைச் சட்டத்தின் 1095 ஆம் எண்ணின் கீழ் எத்தகைய வழக்குகள் வருகின்றன என்பதை அவர்கள் அறிவார்கள். ஒரு கையால் மருந்தாகக் கொடுத்ததை மறு கையால் செல்லாது என்று எழுதும் நிலைமை திருச்சபைக்கு வேண்டாம். என் அம்மா செவ்வாய்க்கிழமைதோறும் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் எனக்குப் பெண் கேட்டு மன்றாடுகிறார். யாரோ ஒரு வீட்டில் வளர்ந்த, எனக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒரு பெண்ணை நான் ஏமாற்ற வேண்டும் என்பதே அந்த மன்றாட்டின் பொருள் என்று அவரிடம் சொல்லும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை. சொல்வதற்கு ஏற்ற ஓர் ஆலயமும் இல்லை.

குணமாக்கும் செபம் என்ற பெயரில் நடப்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். என் மறைக்கல்வி வகுப்பில் இருந்த ஓர் இளைஞனை, அவனுடைய தொலைபேசியைப் பார்த்துவிட்ட பெற்றோர், தியானமொன்றுக்குக் கூட்டிச் சென்றார்கள். அங்கே அவனை உண்ணாநோன்பு இருக்கச் செய்து, தலையில் கைவைத்து, அவனுள் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஆவியை விரட்டினார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பேயோட்டுவதற்கோ திருச்சபையின் சட்டப்படியே ஆயரின் வெளிப்படையான அனுமதி வேண்டும். அங்கே இரண்டுமே கவனிக்கப்படவில்லை. அவன் இப்போது ஆலயத்துக்கு வருவதில்லை. நல்ல குரல் அவனுக்கு. பாஸ்கா விழிப்பில் புகழுரை பாடுவதற்கு அவனைத்தான் பழக்கிக்கொண்டிருந்தோம்.

இது மேற்குலகப் பண்பாடு, நம்முடையதல்ல என்ற வாதத்தைப் பிற மதத்தவர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. கத்தோலிக்கர் சொல்லும்போது வியப்பே வருகிறது. அந்நிய மதம், அந்நியப் பணம், பண்பாட்டை அழிக்க வந்தவர்கள் என்ற சொற்களைக் காலங்காலமாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நாம். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள்; குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது தண்டனைக்குரியதாக இருந்தது. 1687 இல் கோவாவிலிருந்து குருவான புனித யோசேப்பு வாஸ் மாறுவேடத்தில் வந்து இறங்கியதும், யாழ்ப்பாணத்துச் சில்லாலை மக்கள் அவருக்கு இடங்கொடுத்ததும், இரவில் கதவடைத்த வீடுகளுக்குள் திருப்பலி நடந்ததும் நாம் மறைக்கல்வியில் பெருமையோடு சொல்லிக்கொடுக்கும் வரலாறு. மூடிய கதவுக்குள் யாருக்கும் தீங்கில்லாமல் நடப்பதை அரசு குற்றமென்று சொன்னால் அது எப்படி இருக்கும் என்பது வடபகுதிக் கத்தோலிக்கரின் நினைவில் இருக்க வேண்டும். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2004 இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்தபோது, மனச்சாட்சியின் விடயங்களில் பொலிசை நுழைக்கலாகாது என்று திருச்சபை எதிர்த்து நின்றது. நானும் அப்போது மகிழ்ந்தேன். அந்த நியாயம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றுவிடுகிறது.

இந்நாட்டில் மதத் தலைவர்கள் ஒன்றுபட்டுப் பேசும் விடயங்கள் மிகச் சில. காணாமலாக்கப்பட்டவர்கள் பற்றி ஒன்றுபட முடியவில்லை, நில அபகரிப்புப் பற்றி ஒன்றுபட முடியவில்லை. எங்களை எதிர்ப்பதில் மட்டும் அந்த ஒற்றுமை எளிதாகக் கூடிவருவதை நான் கவனித்திருக்கிறேன். உங்கள் மத்தியில் வேறொரு மரபும் உண்டு. 2011 இல் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சென்று, போரின் இறுதிக் கட்டத்தில் கணக்கில் வராமற்போன 146,679 பேருக்கு என்ன ஆனது என்று கேட்டவர் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்களின் பின்னர், கொல்லப்பட்டவர்களுக்கான நீதியை எந்த ஆட்சி வந்தாலும் விடாது கேட்டுவருபவர் கர்தினால் ரஞ்சித் ஆண்டகை. அந்த இரண்டு குரல்களுக்காகவும் நான் கத்தோலிக்கனாக இருப்பதில் பெருமை கொண்டவன். கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் இறந்தவர்களுக்காக அழுதவர்களுள் நாங்களும் இருந்தோம். அடக்கத் திருப்பலிகளில் பாடியவர்களுள்ளும் இருந்தோம்.

ஆகவே, ஆண்டகைகளே, உங்களிடம் கேட்பவை இவை.

வளர்ந்தவர்கள் தம் விருப்பத்தோடு கொள்ளும் உறவுக்காக எவரும் கைதுசெய்யப்படுவதையோ சிறையிலிடப்படுவதையோ கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை என்றும், 365, 365அ ஆகிய பிரிவுகளை அந்த அளவில் திருத்துவதற்கு அது தடையாக நிற்காது என்றும் ஆயர் பேரவை ஓர் எழுத்துமூல அறிக்கை வெளியிட வேண்டும். திருமணம் பற்றிய உங்கள் போதனையை அதே அறிக்கையில் மறுபடி வலியுறுத்துவதானால் வலியுறுத்துங்கள். தொலவத்தவின் சட்டமூலமும் திருமணத்தைத் தொடவில்லை. அறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் எல்லாப் பங்குகளிலும் வாசிக்கப்பட வேண்டும், மறைக்கல்வி ஏட்டின் 2358 ஆம் எண்ணோடு சேர்த்து.

மறையுரைகளில் எங்களைச் சிறுவர் துஷ்பிரயோகத்தோடு இணைத்துப் பேசுவதை நிறுத்தும்படி ஒவ்வொரு ஆயரும் தம் குருக்களுக்கு எழுத வேண்டும். ஆலய வாசல்களில் இத்தகைய மனுக்களுக்குக் கையெழுத்துச் சேர்ப்பதற்கு அனுமதி கொடுக்கலாகாது.

எங்களைக் குணமாக்குவதாகச் சொல்லும் தியானங்களையும், ஆயரின் அனுமதியின்றி நடக்கும் பேயோட்டல்களையும் மறைமாவட்டங்கள் தடைசெய்ய வேண்டும். தன் நிலைமையை வெளிப்படுத்தும் எவருக்கும் திருமணத்தை மருந்தாகச் சொல்லலாகாது என்பதைக் குருமடப் பயிற்சியிலும் திருமண ஆயத்த வகுப்புகளிலும் சேர்க்க வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றி அறிந்த பெற்றோர் முதலில் ஓடிவருவது பங்குத்தந்தையிடமே. அவர்கள் வந்தால் அமைதியாகக் கேட்டு, பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பாதீர்கள் என்று சொல்லத் தெரிந்த ஒரு குருவையேனும் ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் நியமியுங்கள்.

கடைசியாக, எங்களைச் சந்தியுங்கள். யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுகளாக வானவில் பேரணி நடக்கிறது. அதில் நடப்பவர்களுள் ஞானஸ்நானம் பெற்றவர்களும் இருக்கிறார்கள். பெயரும் புகைப்படமும் வெளியே போகாது என்ற உறுதியைத் தந்தால், வடக்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் நாங்கள் சிலர் நீங்கள் குறிப்பிடும் இடத்துக்கு வருவோம். எதிர்வரும் தவக்காலத்துக்குள் அந்தச் சந்திப்புக்கான நாளை உங்கள் செயலகம் அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மந்தையைச் சேர்ந்த ஒருவன்